செயலாளர் வாசிக்கும் நேரம்

முன்வரிசையில் கவிதை மன்றத் தலைவர் கோமதிநாயகம், மின்விசிறிக்கு நேர் கீழே விருது வாங்கியவர்கள், கதவோரம் வாங்காதவர்கள், மேடையோரம் செயலாளர் ஐயம்பெருமாள். அவரவர் கவிதையை வாசித்த கையோடு செருப்பைத் தேடிக் கிளம்புவது அந்த மாதாந்திரக் கூட்டத்தின் வழக்கம். செயலாளரின் முறை எப்போதும் கடைசி. இறந்துபோன மகளைப் பற்றி எழுதியதை அவர் பையிலிருந்து எடுத்தபோது, மிஞ்சியிருந்த தலைவரும் எழுந்துவிட்டார்.

“ஒரு நிமிசம் இருங்க அண்ணாச்சி.”

“நீரு நம்ம ஆளுதானவே! உம்ம கவிதை எங்க ஓடிரப் போவுது? அடுத்த மாசம் கேப்போம்.”

“அவ செத்துப்போன வருசத்துல இருந்து இதையேதான் சொல்லுதிய.”

தலைவர் படியிறங்கிவிட்டார். காலி நாற்காலிகளைப் பார்த்து ஐயம்பெருமாள் முழுக்க வாசித்தார். பிறகு உட்கார்ந்து ராஜினாமாக் கடிதம் எழுதினார். மன்ற விதிப்படி அது செயலாளருக்குத்தான் போக வேண்டும். உறையில் தன் பெயரையும் வீட்டு முகவரியையும் எழுதி, ஒட்டி, தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டார்.