ஒரு நிமிஷப் பெட்டி

“யார் வீட்டுக் கதவையும் தட்டாம வண்டி ஸ்டார்ட் ஆகணும்மா. அந்த மாதிரி ஒண்ணு குடுங்க” என்றார் தையற்காரர். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

பேட்டரியம்மாவுக்குக் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் பழக்கம் கிடையாது. பதினெட்டு வருஷமாகக் கார் சாமான் கடை நடத்துகிறாள். யார் வண்டி, யார் ஓட்டுவது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று மூன்று கேள்வி கேட்காமல் ஒரு பல்புகூட விற்றதில்லை. இதனால் கைநழுவிய வியாபாரம் உண்டு. தேவையில்லாததைத் தலையில் கட்டினாள் என்ற பேச்சு கிடையாது.

“யார் வண்டிண்ணே?”

“தம்பி வண்டி. பேட்டரி படுத்துடுச்சு. நேத்துதான் புதுசு வாங்கி மாத்தினேன். இருந்தாலும் கையோட ஒண்ணு இருக்கணும்.”

பேட்டரியம்மா ஆணியில் தொங்கிய கேபிளை எடுத்து மேஜையில் போட்டாள். “அப்ப இந்த ஜம்பர் கேபிள் போதும். விலையும் கம்மி. பக்கத்துல இன்னொரு வண்டி நின்னா சரி, அதுலேர்ந்து இதுக்கு உயிர் வந்துடும்.”

தையற்காரர் அதைத் தொடவில்லை. “அது என்கிட்டயே இருக்கு. என் கார் டிக்கியில கிடக்கு. கவர்கூடப் பிரிக்கல.”

“உங்க கார் எங்க நிக்கும்?”

“பக்கத்து வீடுதாம்மா. நடுவுல ஒரு மதில், அவ்வளவுதான்.”

மதில் என்றபோது கழுத்து நாடாவை இழுத்துப் பிடித்தார். பேட்டரியம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை. உதவி கேட்டுத் தம்பி வாசலுக்கு வந்துவிடக் கூடாதாம், அதற்குத்தான் இத்தனை ஏற்பாடு. ரோஷத்துக்குப் பணத்தைக் கொட்ட வந்திருக்கிறார் மனுஷர்.

இருந்தாலும் கடமைக்குச் சார்ஜரை எடுத்து வைத்தாள். “இதைக் கரண்ட்ல சொருகிட்டா ஆறு மணி நேரத்துல பேட்டரி நிறைஞ்சுடும்.”

“அவ்வளவு நேரம் இருக்காதும்மா.”

கடைசியில் அலமாரியின் மேல்தட்டிலிருந்து செங்கல் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி இறங்கியது. “இது ஜம்ப் ஸ்டார்ட்டர். சிவப்புக் கிளிப்பை ப்ளஸ்ல மாட்டுங்க, கறுப்பை மைனஸ்ல மாட்டுங்க, சாவியைத் திருப்புங்க. ஒரு நிமிஷ வேலை. வேற வண்டியும் வேண்டாம், வேற ஆளும் வேண்டாம்.”

“ஒரு நிமிஷம்தானா?”

“அதுகூட ஆகாது.”

அவர் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “ஒரு நிமிஷம்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, “ஒரு பொம்பளை தனியா மாட்டிட முடியுமா?” என்று கேட்டார்.

“நான் யாருண்ணே? பொம்பளைதானே?”

“பதட்டத்துல மாத்தி மாட்டிட்டா?”

“பீப் பீப்னு கத்தும். உங்களை மாதிரி வாயை மூடிக்கிட்டு முறைச்சுக்கிட்டு நிக்காது.”

அவர் மேஜை ஓரத்தில் கிடந்த பழைய பேட்டரி ஒன்றில் கிளிப்புகளை மாட்டிப் பார்த்தார். முதல் தடவை நழுவியது, இரண்டாவது தடவையும் நழுவியது. ஊசியில் ஒரே முயற்சியில் நூல் கோக்கும் விரல்கள் அப்படித் தடுமாறுவதைப் பார்க்கப் பேட்டரியம்மாவுக்கே சங்கடமாக இருந்தது.

“இதையே குடுத்துடுங்கம்மா.”

அவள் வாரண்டி அட்டையை எடுத்தாள். “யார் பேருக்கு எழுதணும்? தம்பி பேருக்கா?”

“அவன் சம்சாரம் பேருக்கு எழுதுங்க. இனிமே அந்தப் பொண்ணுதான் ஓட்டும்.”

தம்பி பேரைச் சொல்லக்கூட வாய் வரவில்லை, பாருங்கள். பேட்டரியம்மா பேனாவை மூடி வைத்துவிட்டாள். விற்றால் லாபம்தான். ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கிற மதிலை இந்தப் பெட்டியை விற்று இன்னும் ஒரு முழம் உயர்த்த அவளுக்கு மனசு வரவில்லை. அவளுக்கும் கூடப் பிறந்தவர்கள் இருக்கிறார்கள். சண்டையும் தெரியும், சமாதானமும் தெரியும்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. எத்தனை வருஷமா பேச்சு இல்ல?”

“ஒன்பது.”

“எதுக்கு?”

“அந்த மதிலுக்குத்தான். நான் அளந்தது சரியா, அவன் அளந்தது சரியான்னு. அரை அடி.” கழுத்தில் கிடந்த நாடாவை உருவிச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

“அரை அடிக்கு ஒன்பது வருஷமா? நீரடிச்சு நீர் விலகுமாண்ணே?” பேட்டரியம்மா பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். “இது உங்களுக்கு வேண்டாம். பக்கத்து வீட்டுல நீங்க இருக்கீங்க. டிக்கியில கேபிள் இருக்கு. அவசரத்துக்கு வண்டி கிளம்பலன்னா தம்பி வந்து கதவைத் தட்டப் போறாரு. என்னதான் கோபம்னாலும் நீங்க தொறக்காமலா இருந்துடுவீங்க?”

தையற்காரர் பெட்டியைப் பிடித்த பிடியை விடவில்லை. கண் நிறைந்து, பெட்டியின் மேல் சொட்டியது.

“தட்டினாம்மா. மாரைப் பிடிச்சுக்கிட்டு மூணு தடவை தட்டினான். நான்தான் தொறக்கல.”