ஒரே ஒரு கை

வகுப்பு முழுக்க ஒரே பதில்.

தாள்களைப் புரட்டிய லோகப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூக்கம் கெட்டால் மனநல மருத்துவரிடம் போவீர்களா, மாட்டீர்களா என்று மாணவர்களைக் கேட்டு ஆய்வு செய்கிறவள் அவள். அதற்காகத்தான் பீளமேட்டில் இந்தப் பொறியியல் கல்லூரிக்கு வந்திருந்தாள்.

முதல் பெஞ்ச் பிரவீனா எழுதுவதைக் கடைசி பெஞ்ச்வரை கடத்திப் பழகிய கூட்டம் அது. மார்க்கே இல்லாத இதையும் ஈயடிச்சான் காப்பி அடித்துவைத்திருந்தது. பிரவீனா 'போகவே மாட்டேன்' என்று குறித்திருந்தாள். ஆகவே யாரும் போகமாட்டார்கள்.

கடைசி பெஞ்ச் மிதுனும் அப்படித்தான் குறித்திருந்தான். அவன் சரியாகத் தூங்கி இரண்டு மாதமாகிறது. முந்தின நாள்தான் அவிநாசி ரோட்டில் பைக் ஓட்டும்போதே கண் செருகி, பஸ்ஸுக்கு அடியில் போகப் பார்த்தான். டாக்டரிடம் போகவேண்டும் என்று அவனுக்கே தெரியும். போனது தெரிந்தால் 'மென்டல்' என்று பேர் வைத்துவிடுவார்களே. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"எல்லாரும் டெஸ்க்குல தலைய வெச்சுக் கண்ண மூடிக்கங்க. போவேன்ங்கறவங்க மட்டும் கையத் தூக்குனாப் போதும்," என்றாள் லோகப்பிரியா.

மிதுன் கையைத் தூக்கினான்.

"தேங்க்ஸுங்க. ஒரே ஒரு கை," என்றாள் அவள், பாவம், இந்த வகுப்பைப் பற்றித் தெரியாமல்.

அவ்வளவுதான். தலைகள் நிமிர்ந்து திரும்பித் திரும்பித் தேடின. யார்ரா அது? சிரிப்பு ஒவ்வொரு பெஞ்சாகப் பின்னால் வந்தது. மிதுனுக்குக் காது சுட்டது. இன்னும் ஒரு பெஞ்ச்தான் பாக்கி.

பிரவீனா எழுந்து நின்றாள்.

"நாந்தானுங்க அக்கா."

சிரிப்பு சட்டென்று நின்றது.

வெள்ளகோவிலில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு உறவுக்காரப் பையன் ஒருவன் இதே வகுப்பில் இருக்கிறான். சாயங்காலத்துக்குள் சேதி போய்விடும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

தூக்கிய கை யாருடையது என்று பார்த்தவள் லோகப்பிரியா ஒருத்திதான். அவள் பிரவீனாவையே பார்த்தாள்.

"டாக்டர எங்க, எப்பப் பாக்கறதுன்னு சொல்லுங்க்கா. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, எனக்குக் காது மந்தம்."

மருத்துவமனை, அறை, கிழமை எல்லாம் சுவரில் மோதித் திரும்புகிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள் லோகப்பிரியா. மிதுன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். கண் நிறைந்து எழுத்து மங்கியது. இவ்வளவு பெரிய நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

அது யாருடைய கை என்று பிரவீனாவுக்குத் தெரியாது. முன்னால் கவிழ்ந்து கிடந்தவளுக்கு எப்படித் தெரியும்?

ஆனால் ஒன்று. கடைசி பெஞ்சில் யாராவது கிசுகிசுத்தாலே, முதல் பெஞ்சிலிருந்து திரும்பி முறைக்கிறவள் அவள். அவளுக்கா காது மந்தம்?