சும்மா கிடந்த லைன்

"இந்தப் பெட்டிட செலவக் குறைச்சுத் தாறீங்களா, இல்ல நான் தூக்கி வாவிக்குள்ள போடவா, தம்பி?"

நல்லரத்தினம் வினோஜனிடம் கேட்டார். கம்பியூட்டர் திருத்த வருகிறவனிடம் வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது கேள்வியல்ல, கோபம் என்பது அவனுக்கு அனுபவத்தில் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். கம்பியூட்டருக்குப் பக்கத்தில், டெலிபோன் லைன்வழியே இன்டர்நெட்டைக் கொண்டுவரும் மொடம் விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. சுவரோரம் ஒரு மரப்பெட்டிக்குள் டெலிபோன் பூட்டிக் கிடந்தது. திறப்பு நல்லரத்தினத்தின் சாரத்து மடிப்பில் இருந்தது.

"டெலிபோனப் பூட்டினன். பில் குறையல்ல. இன்னும் கூடித்தான் வந்திரிக்கி."

"ஐயா, மொடத்துக்குச் சுவரில இருந்து வேற வயர் போகுது. நீங்க பூட்டினது டெலிபோன மட்டுந்தான்."

நல்லரத்தினம் நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மதகைப் பூட்டிய பிறகும் தண்ணீர் வேறு வழியால் போயிருக்கிறது என்று கேள்விப்பட்டவர்போல அவருடைய முகம் போனது.

"எல்லாம் இவட வேல," என்று மகள் ஆர்த்திகாவைக் காட்டினார். "பின்னேரமானா இதில ஆரோடயோ கதைக்காள். கனடா மாப்பிள்ள வீட்டார் கோல் எடுப்பாங்க எண்டு ஒரு மாசமாப் பாத்துக்கிட்டு இரிக்கன். இந்த நேரம் பாத்து இவள்ட கதை வெளியில போனா நான் என்ன செய்ற?"

"நான் ஒருத்தரோடயும் கதைக்கல்ல அப்பா. பாடம் வந்தாப் பாக்கன், மூடிட்டு எழும்புறன்." ஆர்த்திகாவின் கண்கள் கலங்கியிருந்தன. வீட்டிலிருந்தபடியே பட்டப்படிப்புப் படிக்கிறவள். பெட்டி வாவிக்குள் போனால் படிப்பும் கூடவே போகும்.

"அப்ப வேற ஆரு? உங்கம்மாவா? கரண்ட் அடிக்கும் எண்டு அவ கிட்டயும் போகமாட்டா."

மனைவி அன்னப்பூரணி தேத்தண்ணியைக் கொண்டுவந்து மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு, உண்மையாகவே தள்ளிப்போய் நின்றாள்.

வினோஜன் கம்பியூட்டரைக் கொஞ்ச நேரம் கிண்டிப் பார்த்தான்.

"ஐயா, பின்னேரத்தில மணிக்கணக்கா லைன் ஓடியிரிக்கி. இப்பவும் ஓடுது. ஆனா ஒண்டும் வரவுமில்ல, போகவுமில்ல. ஆரோடயும் கதைச்சிருந்தா இப்பிடி இராது. தங்கச்சியில பிழ இல்ல."

"சும்மா கிடந்ததுக்கா இவ்வளவு பில்லு?"

"சும்மா கிடந்தாலும் லைன் ஓடினாக் காசுதான். சில நேரம் மெசினே தானா டயல் பண்ணும். இப்ப ஒரு செட்டிங் போடுறன். அஞ்சு நிமிசம் வேலை ஒண்டும் நடக்காட்டி லைனத் தானா வெட்டிரும்."

ஆர்த்திகாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நல்லரத்தினம் மகளிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்றார்.

சொன்னபடியே கொஞ்ச நேரத்தில் மொடத்தின் விளக்குகள் அணைந்தன. லைன் வெட்டியதுதான் தாமதம், மரப்பெட்டிக்குள் டெலிபோன் அலறத் தொடங்கியது. நல்லரத்தினம் சாரத்து மடிப்பைத் தடவி, திறப்பைக் கீழே போட்டு, தேடி எடுத்து ஒருவாறு திறந்தார்.

கொழும்பிலிருந்து தரகர் குஞ்சித்தம்பி. அவருடைய குரல் அறை முழுக்கக் கேட்டது.

"என்ன ஐயா, எப்ப எடுத்தாலும் எங்கேஜ்! கனடாக்காரர் வேலைக்குப் போக முந்தி, உங்களுக்குப் பின்னேரம், எடுத்து எடுத்துக் களைச்சிட்டாங்க. விருப்பமில்லாமத்தான் ரிசீவரக் கழட்டி வச்சிரிக்கீங்க எண்டு நினைச்சு, வெல்லாவெளியில ஒரு புள்ளயப் பேசி முடிச்சிட்டாங்க."

நல்லரத்தினம் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"மொடம் லைன்ல இருந்தா வெளியால எடுக்கிற கோல் உள்ளுக்கு வராது, ஐயா," என்றான் வினோஜன் மெதுவாக.

"இந்தப் பெட்டி என்ட புள்ளட கலியாணத்தையே கெடுத்திட்டே, தம்பி!" அவருடைய குரல் உடைந்தது. வினோஜனுக்குப் பாவமாக இருந்தது. ஆர்த்திகா தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருவேளை இவள்தான் வேண்டுமென்றே லைனை ஓட விட்டாளோ என்று அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"கவலப்படாதீங்க ஐயா. இனி லைன் சும்மா ஓடாது."

"ஓம். லண்டன்ல இன்னொரு இடம் இரிக்கி. நாளைக்கே அவங்களுக்கு நம்பரக் குடுக்கன்."

வினோஜன் வாசல் படலையடிக்கு வந்தபோது, பின்னால் அன்னப்பூரணி ஒரு தயிர்ச் சட்டியுடன் வேகமாக வந்தாள்.

"தம்பி, நம்மட ஊர்ல மாப்பிள்ளதானே பொண்ணுட வீட்டுக்கு வாழ வாற? இவரும் என்ட வீட்டுக்கு வந்தவருதான். பெத்த புள்ளய நான் ஏன் பிளேன்ல ஏத்தி அனுப்புற?"

நியாயமாகத்தான் பட்டது. வினோஜன் தலையாட்டிவிட்டுச் சட்டியை வாங்கக் கையை நீட்டினான். அவள் பிடியை விடவில்லை. வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த அஞ்சு நிமிசத்தில வெட்டுறத மட்டும் கழட்டி உட்டிட்டுப் போங்க. டயல் பண்றத வழமபோல நான் பாத்துக்கிறன்."