மோர் போன்ற வீழ்படிவு

"குளோரைடு உப்பு குடுத்தது ஒரே ஒருத்தருக்கு. ஏழு பேர் குளோரைடுன்னு எழுதியிருக்கீங்க. நல்லா இருக்கும்மா உங்க ஸ்கூல்!"

தர்மராஜ் சார் போட்ட சத்தத்தில், ஆய்வக ஜன்னலில் உட்கார்ந்திருந்த புறா பறந்தே போய்விட்டது.

பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வுக்குப் பெரம்பலூரிலிருந்து வந்திருக்கும் தேர்வாளர் அவர். மற்ற வேதியியல் ஆசிரியர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயர் ஃப்ளூரின். ஹாலஜன்களிலேயே மூர்க்கமானது அதுதான். எதைத் தொட்டாலும் வினை. சாரும் அப்படித்தான். காலையில் குன்னத்தில் பஸ் மாறி வந்து இறங்கிய பத்து நிமிடத்துக்குள் மேசையைத் துடைக்கச் சொன்னார், போன வருடத்துக் காலண்டரைக் கழற்றச் சொன்னார், பாட்டில் தண்ணீரை மாற்றச் சொன்னார், காபியில் சர்க்கரை அதிகம் என்றார்.

இப்போது ஏழு விடைத்தாள்களையும் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துப் பிடித்திருந்தார். ஏழிலும் ஒரே வரி. 'சில்வர் நைட்ரேட் சேர்த்ததும் தயிர் போன்ற வெண்மை நிற வீழ்படிவு. குளோரைடு உள்ளது.'

"ஒருத்தன் எழுதினத ஏழு பேரும் காப்பி அடிச்சிருக்கீங்க. டேபிள் டேபிளா சுத்துனது இந்தம்மா ஒருத்தங்கதான். என்னம்மா, துண்டுச் சீட்டு மாத்திவிட்டீங்களா?"

ஆய்வக உதவியாளர் ரெங்கம்மாள் கையிலிருந்த டியூப் ஸ்டாண்டைக் கீழே வைத்துவிட்டாள். வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, அதுவும் தற்காலிக வேலை. மேலே ஒரு கடிதம் போனால் நாளைக்கே வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்.

"எங்க பிள்ளைங்க அப்படிப் பண்ணாதுங்க சார்" என்றார் பள்ளியின் வேதியியல் ஆசிரியை மேகலா.

"பண்ணாமத்தான் ஏழு டியூப்லயும் தயிர் உறைஞ்சுதா?"

கடிதம் எழுத சார் தாளை எடுத்துவிட்டார். எதற்கும் மிச்சமிருந்த எட்டாவது விடைத்தாளைப் புரட்டியவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"தமிழ்மொழி யாரு? இங்க வாம்மா. 'மோர் போன்ற வீழ்படிவு. குளோரைடு இல்லை.' எந்தப் புத்தகத்துலம்மா மோர் இருக்கு?"

"புத்தகத்துல தயிருதான் சார். என் டியூப்ல அவ்ளோ கெட்டியா வரல, லேசாத்தான் கலங்குச்சு. அதான் மோருன்னு எழுதினேன்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சார் திரும்பியதும் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை.

"ஹாலஜனோட வீரியம் எப்படிப் போகுது, சொல்லு பாப்போம்."

"ஃப்ளூரின், குளோரின், புரோமின், அயோடின். மேலேர்ந்து கீழ வர வர கொறையும் சார்."

"எதுக்கு இந்த வீரியம்?"

"எல்லாத்துக்கும் வெளிக்கூட்டுல ஒரே ஒரு எலக்ட்ரான் கொறையுது சார். அதப் புடிக்கத்தான் அவ்ளோ வேகம். ஃப்ளூரின் இருக்கறதுலயே சின்னது, அதான் விடாம புடுங்கும். கெடைச்சிட்டா அமைதியாயிரும்."

மேகலா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இவ்ளோ தெரிஞ்ச பொண்ணு மோருன்னு எழுதலாமா?"

தமிழ்மொழி ஒரு காலி டியூபை எடுத்தாள். பாட்டிலிலிருந்து வெறும் தண்ணீரை ஊற்றினாள். உப்பு எதுவும் போடவில்லை. சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டாள். தண்ணீர் கலங்கி வெளுத்தது. அசல் மோர்.

"தண்ணியிலயே குளோரைடு இருக்கு சார். இது காய்ச்சி வடிச்ச வாலை வடிநீர் இல்ல, கொள்ளிடத்துக் குழாத் தண்ணி. அதான் எல்லாருக்கும் வெள்ளையா வந்துருக்கு, புத்தகத்துல உள்ளபடி தயிருன்னு எழுதிட்டாங்க."

அறையில் எல்லாருக்கும் மூச்சு வந்தது. காப்பி இல்லை. ஆனால் ஃப்ளூரின் அவ்வளவு சுலபத்தில் அடங்குமா?

"வடிநீர் ஊத்துற பாட்டில்ல குழாத் தண்ணிய ரொப்புன அறிவாளி யாரு?"

ரெங்கம்மாள் வாயைத் திறந்தாள். அதற்குள், "நான்தான் சார், தெரியாமப் பண்ணிட்டேன்" என்றாள் தமிழ்மொழி.

"உன் கவனக்குறைவு எட்டுப் பேரையும் கவுத்திருக்கும். உனக்கு ரெண்டு மார்க் கட்."

"சரிங்க சார்."

பஸ் ஸ்டாண்டு பேட்டரிக் கடையிலிருந்து கேனில் வடிநீர் வந்தது. மறுபடியும் சோதனை நடந்தது. கெட்டித் தயிர் இந்தத் தடவை ஒரே ஒரு டியூபில்தான். மற்றவர்களுக்கு சல்ஃபேட், நைட்ரேட் என்று அவரவர் உப்பு அவரவருக்கு வந்தது. சார் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். அவருக்கே மனசு லேசாகிவிட்டது.

சாயங்காலம் கிளம்பும்போது, வராந்தாவில் ரெங்கம்மாள் தமிழ்மொழியின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கி நிற்பதைப் பார்த்தார். சாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. தமிழ்மொழியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பொய்தானே சொன்ன? தண்ணி ரொப்புனது ரெங்கம்மாதானே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உன் நல்ல மனசு எனக்குப் புரியுது. ஆனா ஒருத்தர் பண்ண தப்ப மூடி மறைச்சு அவங்களக் காப்பாத்துறது சரியா?"

"நான் அவங்கள மட்டும் காப்பாத்தல சார்" என்று இழுத்தாள் தமிழ்மொழி. "காலையில நீங்கதான் அந்த வடிநீர் பாட்டிலக் காட்டி, 'இது என்னைக்குப் புடிச்சதோ, கொட்டிட்டு நல்ல தண்ணியா ரொப்பும்மா'ன்னு அவங்ககிட்ட சொன்னீங்க. எங்கூர்ல நல்ல தண்ணின்னா கொள்ளிடத்துத் தண்ணிதான் சார்."