அடுத்த வீட்டில் வைத்த ஆடு

"ஏங்க, மிஷினைத் தூக்குங்க! உதவிப் பணம் குடுக்கற ஆபீஸ் சார் குழாயடி வரைக்கும் வந்துட்டாராம்!"

தையல்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புருஷன் தையல் மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தான்.

"எங்கடி கொண்டு போறது?"

"அடுத்த வீட்டுக்குத்தான். வேற போக்கிடம் இருக்கா நமக்கு?"

வயல் ஓரத்தில் இருந்ததே இரண்டு வீடுதான். நடுவில் ஒரே சுவர்.

"அவகிட்டயா? ஆறு மாசமா முகம் குடுத்துப் பேசல. நமக்குப் பணம் வர்றதுல அவளுக்கு வயித்தெரிச்சல். நேரா போட்டுக் குடுத்துடுவா, பாரு."

"இங்கயே இருந்தா மட்டும் தப்பிச்சோமா? தூக்குங்க முதல்ல!"

ஏழைக் குடும்பங்களுக்கென்று ஆறு மாதமாக உதவிப் பணம் நேராக அவள் போனுக்கே வந்துகொண்டிருந்தது. யார் முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டாம். அதில்தான் பழைய மிஷின் ஒன்று வாங்கினாள். அப்புறம் ஒரு சினை ஆடு. எல்லாவற்றுக்கும் மேலே, அப்பாவோடு செங்கல் சூளையில் கல் சுமந்த பெண் பள்ளிக்கூடம் போனாள்.

பக்கத்து ஊரில் யாரோ ஃப்ரிட்ஜ் வாங்கினார்களாம், பணத்தை நிறுத்திவிட்டார்களாம். இதைக் கேட்டதிலிருந்து தையல்காரிக்குத் தூக்கமே இல்லை. பணம் நின்றால் பெண் மறுபடி சூளைக்குத்தான்.

அடுத்த வீட்டக்கா வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா... இதெல்லாம் ஒரு மணி நேரம் உள்ள இருக்கட்டும்."

அக்கா மிஷினைப் பார்த்தாள். ஆட்டைப் பார்த்தாள். இவள் முகத்தைப் பார்த்தாள்.

"வை," என்றாள்.

ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால்கூட இவளுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

அதிகாரி வந்து பாயில் உட்கார்ந்தார். வெறும் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"முட்டை!" என்றாள் பெண். அம்மா தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள்.

"பாப்பா பள்ளிக்கூடம் போகுதா?"

"தினமும் போகுதுங்க சார்."

அந்த நேரம் பார்த்து, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "ம்மே" என்றது அந்தப் பாழாய்ப்போன ஆடு.

"ஆடு இருக்கா?"

"அது... அடுத்த வீட்டு ஆடுங்க சார்."

"அப்படியா?" அவர் எழுந்து பையைத் தோளில் மாட்டினார். "அங்கதான் அடுத்துப் போகணும். அந்தம்மா உதவி கேட்டுப் புதுசா மனு போட்டிருக்காங்க."

அவர் தலை மறைந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் சுவரில் காதை வைத்தார்கள்.

"இந்த மிஷின் யாரோடதும்மா?"

அக்கா முறத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"போச்சு, சொல்லப் போறா," என்றான் புருஷன்.

"என்னோடதுதான் சார்."

"ஆடு?"

"அதுவும்தான்."

புருஷனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பல் தெரியச் சிரித்தான். தையல்காரி சிரிக்கவில்லை.

"ஒண்ணுமே இல்லைன்னு மனுவுல எழுதிட்டு, இப்ப இவ்வளவு வச்சிருக்கீங்க? நாங்க என்ன ஏமாந்த சோணகிரிகளா? மனு தள்ளுபடிம்மா. போய் வேலையைப் பாருங்க."

தையல்காரி கிளம்பினாள். புருஷன் கையைப் பிடித்தான்.

"சும்மா இருடி! நம்ம பொண்ணை நினைச்சுப் பாரு!"

"நினைச்சுதான் போறேன், விடுங்க."

அடுத்த வீட்டுக்குள் போய் மூச்சிரைக்க நின்றாள்.

"சார், அதெல்லாம் எங்களோடது. பணத்தை நிறுத்திடுவீங்கன்னு பயந்து நான்தான் ஒளிச்சு வச்சேன். அக்கா மேல தப்பில்ல."

"இவ பேச்சைக் கேக்காதீங்க சார்," என்றாள் அக்கா வெடுக்கென்று. "வெயில்ல நின்னு மூளை கலங்கிடுச்சு. மிஷின் என்னோடதுதான்."

"அப்ப ஊசியில நூல் கோத்துக் காட்டுங்க, பாப்போம்."

அக்கா மிஷினைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். நூல் எந்தப் பக்கம் நுழைகிறது என்றே தெரியவில்லை. ஆடு வேறு கயிற்றை இழுத்துக்கொண்டு தையல்காரியின் காலடியில் போய் நின்றது.

அதிகாரி தலையில் அடித்துக்கொண்டு தையல்காரி பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, உங்களுக்கு ஒரு வருஷம் குடுக்கறதுன்னு முடிவாயிடுச்சு. நீங்க ஆடு வாங்கினா என்ன, ஆனை வாங்கினா என்ன? பொருளை எல்லாம் புதுசா மனு போடறவங்ககிட்டதான் பாப்போம். உங்க வீடு காலியா இருக்கறதைப் பாத்துட்டு, உங்க வீட்டுக்காரர் குடிச்சே அழிச்சுட்டார்னு எழுத இருந்தேன்!"

வாசலில் நின்ற புருஷன் முகத்தில் ஈயாடவில்லை.

அதிகாரி அக்காவின் மனுவில் தள்ளுபடி என்று எழுதினதை அடித்துவிட்டுப் புதுத் தாள் ஒன்றை எடுத்தார். "நிஜமாவே உங்களோடது எதெதுன்னு காட்டுங்கம்மா," என்றார். அக்கா காட்டிய சாமான்களை எழுதிமுடிக்க அவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் போனதும் தையல்காரிக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது.

"ஏன்க்கா, அவர் இன்னைக்கு உன் வீட்டுக்கும் வர்றார்னு உனக்குத் தெரியாதா?"

"நேத்தே சொல்லிட்டாங்க."

"தெரிஞ்சுமா இதையெல்லாம் வாங்கி வச்ச?"

அக்கா முறத்தைக் கையில் எடுத்தாள்.

"பணம் வந்த அன்னைக்கு, நான் கடன் கேட்டுடுவேனோன்னு கதவைச் சாத்தினவ நீ. ஆறு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் என் வாசப்படி ஏறி வந்திருக்க. எப்படிடி வேணாம்னு சொல்றது?"