கயிற்றின் நீளம்

மூடியை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். வெளிச்சப் புள்ளி தெரியவில்லை.

குக்கர் மூடியில் ஆவி போவதற்கு ஒரு துளை உண்டு. விளக்கில் பிடித்தால் கடுகளவு வெளிச்சம் தெரியும். பதினொரு மாதமாக அந்தக் கடுகைப் பார்ப்பதுதான் அவள் உத்தியோகம்.

அடுத்ததை எடுத்தாள். இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை.

பத்துக்கு ஒன்றைத்தான் அவள் பார்க்க வேண்டும். மற்ற ஒன்பதும் பெல்ட்டில் சவாரி செய்து நேரே பெட்டிக்குள் போய்விடும். அங்கிருந்து யார் வீட்டு அடுப்புக்கோ. அவள் வீட்டிலும் இதே குக்கர்தான், ஊழியர் தள்ளுபடியில் வாங்கியது. நாத்தனார் நிறைமாத வயிற்றோடு அதன் எதிரில்தான் நிற்கிறாள்.

துளை போடும் மிஷின்காரர் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்தால் போதும். ஆனால் அவர் வேறு பிரிவு, இவள் வேறு பிரிவு, நடுவே தரையில் மஞ்சள் கோடு.

போன வருஷம் வெளியிலிருந்து வந்த நிபுணர்கள் ஆளுக்கொரு கட்டம் வரைந்து, யார் யாரிடம் வாய் திறக்கலாம் என்று சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள். அந்தப் படத்தின்படி இவள் சொல் மூன்று மாடி ஏறி, மூன்று மாடி இறங்கி, மிஷின்காரர் காதில் விழ நான்கு நாள் ஆகும். கோடு தாண்டிப் பேசினால் மெமோ.

மெயின் சுவிட்சைக் கண்ட கையும் தொடக்கூடாது என்று சுவரில் ஒன்றரை ஆள் உயரத்தில் வைத்திருந்தார்கள். அதைத் தொட்டாலும் மெமோ.

அதனால்தான் சிவப்புக் கயிறு. தவறைக் கண்டால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், பெல்ட் நின்றுவிடும் என்று பக்கத்திலேயே பலகை. உத்தரத்திலிருந்து இறங்கும் குழாய் ஒன்றின் வழியாக அது அவள் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது அவள் தோளை உரசும். இப்போது எக்கினால்தான் கைக்கு வருகிறது. நின்று நின்று நான் குட்டையாகிவிட்டேன் என்று நாத்தனாரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

பார்த்து இழுக்க நல்ல நாளாகத்தான் வாய்த்தது. பெரிய ஆர்டர் கொடுக்கப்போகும் விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு மேலாளர் வந்துகொண்டிருந்தார். ஏதோ பயிற்சிக்குப் போய் வந்த நாளிலிருந்து தினமும் காலையில் எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்குவதால் அவருக்குக் கைகுலுக்கி என்று பெயர். அவர் சட்டைப் பையில் அவளுடைய நிரந்தர வேலைக்கான கடிதம் இருந்தது. விருந்தாளிகள் முன்னால் கொடுப்பதாக ஏற்பாடு.

"மூணு வருஷமா இந்தக் கயித்த ஒருத்தர்கூட இழுத்ததில்ல. நம்ம தரம் அப்படி," என்றார் கைகுலுக்கி.

அவள் பெல்ட்டைப் பார்த்தாள். கடிதம் கைக்கு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கலாம். அதற்குள் இன்னும் முப்பது மூடி போய்விடும்.

எக்கி இழுத்தாள்.

பெல்ட் நிற்கவில்லை. கயிறுதான் அறுந்து, குழாய்க்குள்ளிருந்து சரசரவென்று முழுவதுமாக இறங்கி அவள் தோளில் விழுந்தது.

கைகுலுக்கி ஒரு கணம்தான் திகைத்தார். அடுத்த கணம் கைதட்டினார். பார்த்தீர்களா, இங்கே கடைசி ஊழியருக்கும் எவ்வளவு சுதந்திரம் என்று விருந்தாளிகளிடம் சொன்னார். அவர்களும் தட்டினார்கள். அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, கடிதத்தைத் திணித்து, எல்லோரையும் தேநீருக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

எதற்காக இழுத்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெல்ட் அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கடிதத்தைப் பிரித்தாள். வேலை நிரந்தரம். கடைசி வரியில், ஆறு மாதத்துக்குள் ஒரு மெமோ வந்தாலும் ரத்து.

சூப்பர்வைசர் அண்ணன் தூணுக்குப் பின்னாலிருந்து ஏணியை எடுத்து வந்தார். அந்த ஏணி எதற்காக எப்போதும் அங்கேயே நிற்கிறது என்று அவள் பலமுறை யோசித்ததுண்டு. அவர் கயிற்றை வாங்கிக்கொண்டு மேலே ஏறினார்.

கயிறு அவள் முகத்துக்கு நேரே நழுவிப் போனபோதுதான் பார்த்தாள். அதில் முடிச்சுகள் இருந்தன. சில அழுக்கேறிக் கறுத்தவை, சில இன்னும் சாயம் போகாதவை. ஒன்பது வரை எண்ணினாள். நிமிர்ந்து பெல்ட்டின் இரு பக்கமும் பார்த்தாள். நின்றவர்கள் எல்லோரும் குனிந்துகொண்டார்கள். மஞ்சள் கோட்டுக்கு அப்பால் மிஷின்காரரும்தான்.

அண்ணன் பழகிய கையால் பத்தாவது முடிச்சைப் போட்டுவிட்டு இறங்கினார்.

"மொத முடிச்சு என்னோடதும்மா. அப்ப இது இடுப்பு வரைக்கும் தொங்கிட்டிருந்துச்சு," என்றார்.

அவள் கையை உயர்த்திப் பார்த்தாள். நுனிக்காலில் நின்றும் நான்கு விரல் எட்டவில்லை.

அடுத்த மூடி வந்தது. விளக்கில் பிடித்தாள். இருட்டாக இருந்தது.

அண்ணன் ஏணியைத் தூக்கப் போனார். அவள் கடிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, ஏணியை வாங்கி மெயின் சுவிட்சுக்கு நேரே சாய்த்து வைத்தாள்.