மேலாளருக்குப் பிடித்த போன்

“கமிஷன் அடிச்சுட்டாருடி. சத்தியமா அடிச்சுட்டாரு!”

குடிநீர் அலுவலக மாடிப்படியில் இருபத்திரண்டு பெண்களும் கொதித்துக்கொண்டிருந்தார்கள். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் படமெடுத்து அனுப்புகிறவர்கள். பழைய போன்கள் மண்டையைப் போட்டுவிட்டன. புதுசு வாங்க வேண்டும். மாதிரிக்கு இரண்டு போன் வந்திருந்தது.

மேலாளர் கைகாட்டிய போன் முறம் அளவுக்குப் பெரிசு, அட்டை மாதிரி மெலிசு. கண்ணாடித் திரை இரண்டு ஓரத்திலும் வளைந்து வழிந்தது.

“ஒரு கையில மீட்டர் குழியோட இரும்பு மூடியைத் தூக்கிப் பிடிக்கணும்” என்றாள் மீட்டர் அக்கா. பதினாறு வருஷமாக மீட்டர் படிப்பதால் அந்தப் பெயர். “மிச்சம் இருக்கறது ஒரே கை. கட்டைவிரல் அந்தக் கோடிக்கு எட்டணுமா, வேண்டாமா?”

“பேட்டரியும் மத்தியானமே படுத்துருமாம், அக்கா. சாயங்காலம் கணக்குப் போகலேன்னா நமக்குத்தான் மெமோ.”

“மூணு வருஷம் இதோட மாரடிக்கணும்டி!”

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. இன்னொரு போனை எடுத்துக்கொண்டு நேரே மேலாளர் அறைக்குள் போனாள். சின்னது, குண்டு, தட்டையான திரை.

“சார், எங்களுக்கு இது போதும்.”

மேலாளர் அதை இரண்டே விரலால் தூக்கிப் பார்த்தார். “என்னம்மா இது, செங்கல் மாதிரி? இந்தத் திரையைப் பாரு, கண்ணுல ஒத்திக்கலாம்.”

“கண்ணுல ஒத்திக்கவா சார் போறோம்? மீட்டர் படிக்கப் போறோம்.”

“தலைமை அலுவலகத்துல பெரியவரே ஆசைப்பட்டு அனுப்பின போனும்மா.”

“அப்ப அவரையே குழியில இறங்கிப் படிக்கச் சொல்லுங்க!”

கதவுக்கு வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேலாளர் முகம் சிவந்துவிட்டது.

“என்ன, சவாலா? சரி. நாளைக்கு நானே வரேன். நீ உன் செங்கல்லோட வா, நான் இதோட வரேன். ஆளுக்கு நூறு வீடு. பெரியவரோட ஆளையே சாட்சிக்குக் கூப்பிடறேன். நான் தோத்தா, இந்தப் போன் வேண்டாம்னு என் கையாலயே எழுதித் தரேன்.”

மறுநாள் காலை ஒன்பது மணி. ஒரு மரம்கூட இல்லாத தெருவாகப் பார்த்து மேலாளரே கேட்டு வாங்கிக்கொண்டார். திரை வெளிச்சத்தையும் முழுசாகக் கூட்டி வைத்தார்.

“திமிரைப் பாரேன்” என்றார்கள் பெண்கள்.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. மூடியைத் தூக்கினால் போன் நழுவியது. போனைப் பிடித்தால் மூடி காலில் விழப் பார்த்தது. உள்ளங்கை திரை ஓரத்தில் பட்டதும் கேமரா மூடிக்கொண்டது. திரும்பத் திறக்கப் போனால் பாட்டு ஓட ஆரம்பித்தது. வெயிலில் திரையில் அவர் மூக்குதான் தெரிந்தது, எண் தெரியவில்லை. கூட வந்த சாட்சி குடைக்குள் நின்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்.

ஒன்றரை மணிக்கு போன் மொத்தமாக அணைந்தது. மேலாளர் முடித்தது நாற்பத்தோரு வீடு.

அக்கா நூறையும் முடித்துவிட்டு, பாதிக்கு மேல் சார்ஜ் மிச்சம் வைத்துக்கொண்டு தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி விசிலே அடித்துவிட்டாள். பதினாறு வருஷத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை அக்கா பார்த்ததில்லை.

சாயங்காலம் மேலாளர் கூப்பிட்டனுப்பினார். அறிக்கை தயாராக இருந்தது. ‘பெரிய போன் களப்பணிக்கு உதவாது. சின்னதையே வாங்கலாம்.’ சாட்சி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

அக்கா தலை நிமிர்ந்து கையெழுத்துப் போட்டாள். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது அடியில் இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டு வந்தது. மேலாளர் கைப்பட எழுதியது. ‘வெயிலில் திரை தெரியவில்லை. ஒரு கையால் முடியவில்லை. பேட்டரி நாலரை மணி நேரம்.’ மேலே போன வாரத் தேதி.

“சார்... இது... உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

மேலாளர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“ஞாயித்துக்கிழமை தனியாப் போய்க் குழி குழியா இறங்கிப் பார்த்தேன். அது பெரியவரோட மச்சான் கம்பெனி போனும்மா. வேண்டாம்னு நான் எழுதியிருந்தா, என்னை மாத்திட்டு வேற ஆளை வெச்சு வாங்கியிருப்பாங்க. அவங்க ஆள் கண்ணு முன்னாடி, அவங்க பக்கம் நின்னவனே தோத்தா? யாரு என்ன பேச முடியும்?”

அக்கா அந்தத் தாளை மடித்து அவர் கையில் கொடுத்தாள். வெளியே, “அக்காவா, கொக்கா!” என்று மாடிப்படியே அதிர்ந்துகொண்டிருந்தது.

“போம்மா, எல்லாரும் காத்திருக்காங்க” என்றார் மேலாளர். “போய் என்னை நாலு வார்த்தை கூடவே திட்டு. இல்லேன்னா சந்தேகம் வந்துரும்.”